கூப்பிடு தூரம்

தெய்வம்மா கூப்பிட்டால் மூன்று மலைக்குக் கேட்கும் என்று அந்த எஸ்டேட்டில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். மழையும் மூட்டமும் இல்லாத நாளில் இரண்டு மலைக்குத் தெளிவாகக் கேட்கும். மூன்றாவது மலையில் இருப்பவர்கள், யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்கள். அந்தக் காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது.

நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் ஒரு வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் ஜீப் பாதையில் கீழே நடந்தால் அந்த எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள் வரும். லயனுக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மலை, அதன் முதுகுக்குப் பின்னால் பாலத்து மலை, அதற்கும் அப்பால் ஃபாக்டரி. எஸ்டேட் முழுவதற்கும் போன் என்று ஒன்று இருந்தது ஃபாக்டரி ஆபீசில்தான். மலையில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் ஆள் ஓடிப் போய்ச் சொல்வதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் குரல்தான் போகும். ஒரு மலையில் நிற்பவள் கூப்பிடுவாள். அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவள் அதைக் காதில் வாங்கி அப்படியே அதற்கடுத்த மலைக்கு அனுப்புவாள். கடைசியில் அது ஃபாக்டரி வாசலில் வந்து விழும். குமாஸ்தா போனை எடுப்பார், டிரைவர் ஜீப்பை எடுப்பார்.

அப்படிக் கூப்பிடுவதற்கும் ஒரு முறை இருந்தது. என்ன ஆச்சு, எந்த மலை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கடைசி எழுத்தை இழுத்துவிட வேண்டும். இழுக்காவிட்டால் ஓடைக்கு மேலேயே கரைந்து போகும். தெய்வம்மா இழுத்தால் அது கரையாது. கங்காணி எத்தனையோ பெண்களைக் கூப்பிட வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் இவளை மட்டும் மலையின் உச்சி நிரையில் நிறுத்தினார். எந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அங்கிருந்து பார்க்கலாம், கூப்பிடலாம்.

காளிமுத்து மரத்திலிருந்து விழுந்த அன்று அவள்தான் பார்த்தாள். சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை கழிக்கும் வேலை. கயிறு நழுவி, கிளையும் அவனும் சேர்ந்து வந்து விழுந்தார்கள். தொடை கிழிந்து கொட்டிய ரத்தம் செடிகளை நனைத்தது. பக்கத்தில் நின்ற ஆண்களெல்லாம் உறைந்து போய் நிற்க, உச்சி நிரையிலிருந்து, "ஆள் விழுந்துருச்சூ... எதிர்மலேய்..." என்று ஒரு குரல் கிளம்பியது. அவன் தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் ஜீப் சத்தம் கேட்டது. காளிமுத்து பிழைத்துக்கொண்டான். கால் மட்டும் கொஞ்சம் சாய்ந்து போனது. பிறகு அவனுக்கு எதிர்மலை உச்சியில் கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். தெய்வம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்கக்கா, தொண்டையெல்லாம் சௌரியமுங்களா?" என்றுதான் கேட்பான். அவளை நலம் விசாரிக்க அவனுக்கு வேறு வார்த்தை தெரியாது.

இந்தக் குரல் அவளுக்கு வந்த கதையும் இருக்கிறது. இலங்கையில், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் தெய்வம்மா. அவளுடைய அம்மாவுக்கு ஏதோ காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது. அவர்களுடைய ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பராவின் வாசலில் நின்றுகொண்டு, "அம்மோவ், தம்பி அழுவுறான்" என்று மலையைப் பார்த்துக் கூப்பிடுவதுதான் அந்தச் சின்னப் பெண்ணின் வேலை. அம்மாவுக்குக் கேட்காது. ஆனால் பக்கத்து நிரையில் நிற்கும் பெண்ணுக்குக் கேட்க வேண்டும். அவள் அம்மாவின் தோளைத் தட்டிச் சொல்வாள். அப்படித் தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை திறந்துகொண்டது.

இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். முகாமில் கூட்டத்துக்குள் தம்பி காணாமல் போனான். அம்மா வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெய்வம்மா அவர்களுடைய தகரப் பெட்டியின் மேல் ஏறி நின்று, "சின்னராசூ..." என்று ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டாள். சோற்றுக்கு நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவருடைய தோளில் உட்கார்ந்து தம்பி வந்தான். அப்புறம் நீலகிரிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "இங்கயும் அதே செடிதானா" என்று கேட்டாளாம். அழுதாளா சிரித்தாளா என்று தெய்வம்மாவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

தங்கவேலு அவளைக் குரலாகத்தான் முதலில் அறிந்தார். அவருடையதும் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஃபாக்டரியில் இலை உருட்டும் மெஷினில் வேலை. நாள் பூராவும் இரைச்சலுக்குள் நிற்பவர்கள் கையாலும் உதட்டசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். அதனாலோ என்னவோ அவர் வெளியிலும் அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். மத்தியானம் மெஷினை நிறுத்தும்போது, எங்கோ மேலேயிருந்து, "தேத்தண்ணி வந்துருச்சூ..." என்று ஒரு குரல் வரும். மெஷின் சத்தம் நின்ற காதில் அது தண்ணீர் மாதிரி விழும் என்று பின்னாளில் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று விசாரித்துக்கொண்டு லயனுக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"இவ்வளவு சின்ன ஆளா நீ?"

கல்யாணம் ஆனது. ஒரே மகள், சுகுணா. வீட்டுக்குள்ளேயும் தெய்வம்மாவுக்குக் குரலைச் சின்னதாக்கத் தெரியவில்லை. உப்பு போதுமா என்று கேட்டாலே அடுத்த வீட்டில் தலையை நீட்டுவார்கள். "கொஞ்சம் மெல்லக் கேளு புள்ள. பக்கத்துக் காம்பராக்காரங்க பதில் சொல்லிருவாங்க" என்பார் தங்கவேலு. அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

காலம் போனது. மேஸ்திரிமார் கையில் செல்போன் வந்தது. கொழுந்து எடுக்கும் பெண்களிடமும் வந்தது. மலைக்கு மலை கூப்பிடுகிற பழக்கம் எந்த நாளில் நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. தெய்வம்மா வேலையிலிருந்து நின்றாள், தங்கவேலுவும் நின்றார். எஸ்டேட் அவர்களை அதே லயனில் இருக்க விட்டது. சுகுணா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் வேலை செய்தாள்.

பிறகு தெய்வம்மாவின் கழுத்தில் ஒரு கழலை வந்தது. முதலில் எலுமிச்சங்காய் அளவு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மூச்சை அடைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொரலு நரம்பு கழலையோடவே ஒட்டிக் கெடந்துச்சுங்கம்மா, சேத்து எடுக்க வேண்டியதாப் போச்சுங்க. உசுருக்கு இனி ஒண்ணும் பயமில்லைங்க. கொரலு மட்டும் இவ்வளவுதானுங்க வரும்."

தெய்வம்மா சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அதற்குள் எங்கோ அடியில் காய்ந்த இலையை மிதித்த மாதிரி ஒரு சத்தம் இருந்தது. அதுதான் இனி அவள் குரல்.

ஊருக்கு வந்தபின் அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நடுவட்டத்தில் கடைக்குப் போனால் பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியைக் கையால் காட்டி வாங்குவாள். கடைக்காரர் அவசரத்தில் வேறு எதையாவது எடுத்துக் கொடுத்தாலும் திருப்பிச் சொல்ல மாட்டாள், வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். காளிமுத்து தூரத்திலிருந்து கையை மட்டும் ஆட்டுவான். தொண்டையைப் பற்றிய கேள்வியை அவன் அதன் பிறகு கேட்கவே இல்லை.

வீட்டில் சத்தம் குறைந்ததில் அதிகம் தவித்தது தங்கவேலுதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பக்கத்துக் காம்பராக்காரங்க உனக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க புள்ள" என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கிண்டல் போய்விட்டது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்தப் பொங்கலுக்கு வந்த சுகுணா ஒரு புதுப் போனை வாங்கி வந்தாள். "அம்மா, இதை நீ தொடவே வேண்டாம். பேசினாப் போதும். யாரைக் கூப்பிடணும்னு சொன்னா அதுவே கூப்பிடும்" என்றாள்.

"பேசுறதுக்குத்தானே எனக்கு வழியில்ல" என்றாள் தெய்வம்மா.

"உன் குரலை அதுக்குப் பழக்கிடலாம். நான் சொல்ற வார்த்தையை ரெண்டு மூணு தடவை சொல்லு. அப்புறம் நீ சொன்னா மட்டும்தான் அது முழிச்சுக்கும். வேற யார் கூப்பிட்டாலும் தூங்கிட்டே இருக்கும்."

தெய்வம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்கு முன்னால்கூட அவள் அந்தக் குரலை வாய்விட்டுப் பயன்படுத்தியதில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டு, போனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாள். போன் ஏற்றுக்கொண்டது. அடுத்து, "சுகுணாவைக் கூப்பிடு" என்றாள், பழைய பழக்கத்தில் கடைசி எழுத்தை இழுத்து. போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பெண் குரலில் மரியாதையாகப் பதில் சொன்னது: "சுண்ணாம்பு பற்றி நான் கண்டறிந்தவை இவை."

தங்கவேலு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வெத்தலை போடுறியான்னு கேக்குது பாரு."

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தெய்வம்மாவும் சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, அடுப்படி ஜன்னல் ஓரம். சுகுணா அங்கே ஓர் ஆணியடித்து, எடுக்காமலே பேசும்படி ஸ்பீக்கரை வைத்து, துணிப் பையில் போனைத் தொங்கவிட்டுப் போனாள். சாயங்காலங்களில் தெய்வம்மா அதைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். சில நாள் சுகுணா வருவாள். பல நாள் சுண்ணாம்பு வரும்.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. நடுவட்டத்து மழை நின்று பெய்யும். தகரக் கூரையின் மேல் அது விழும்போது வீட்டுக்குள் இருப்பவர்கள் ஜாடையில்தான் பேச வேண்டும். அன்று காலை பெண்களெல்லாம் மழைக்குத் தலையில் போர்த்திய பிளாஸ்டிக் கொங்காணியோடு எதிர்மலைக்குப் போயிருந்தார்கள். நனைந்து கெட்டுவிடும் என்று போன்களையெல்லாம் காளிமுத்துவின் ஷெட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். லயனில் வேறு ஆள் இல்லை.

தங்கவேலு அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டு இருந்தார். தெய்வம்மா தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கக் கையை நீட்டினார். வலது கை பாதி தூரம் வந்து, அங்கேயே மறந்து போன மாதிரி நின்றது. டம்ளர் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். என்னவோ சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அப்படியே சுவரில் சாய்ந்து, சரிந்து, தரையில் விழுந்தார்.

"என்னாங்க, என்னா செய்யுது?"

அவர் கண் அவளைத்தான் பார்த்தது. தொண்டைக்குள் ஏதோ கடகடவென்றது. காலையில் குடித்த கஞ்சி வாயோரம் வழிந்தது. தெய்வம்மா அவருடைய தலையைத் தூக்கித் தன் மடியில் ஒருக்களித்து வைத்துக்கொண்டாள். விட்டால் மூச்சு அடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

வாசலைப் பார்த்து வாயைத் திறந்தாள். உடம்பு தானாகவே செய்தது. வயிற்றிலிருந்து மூச்சை ஏந்தி, கழுத்தை நிமிர்த்தி, எத்தனையோ முறை செய்த மாதிரியே செய்தாள். ஒன்றும் வரவில்லை. காற்றுகூட மழைக்குள் காணாமல் போனது. மறுபடியும் முயன்றாள். கழுத்தில் தழும்பு வலித்ததுதான் மிச்சம். எதிர்மலை வாசலுக்கு நேரே, மழைக்குப் பின்னால் சாம்பலாகத் தெரிந்தது. அங்கே அத்தனை பேர் இருந்தார்கள். ஒரு காலத்தில் அவள் தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்கிற தூரம்.

தலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், ஜன்னலில் பை தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போக முடியாது, அவருடைய தலை மடியில் இருந்தது. அவள் போனை எழுப்பும் வார்த்தையைச் சொன்னாள். பைக்குள் மெல்ல வெளிச்சம் வந்தது.

"சுகுணாவைக் கூப்பிடு."

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

"சுகுணா... சுகுணாவைக் கூப்பிடு." பலத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். குரல் இரண்டாகப் பிளந்து, பாதி சத்தமும் பாதி சீறலுமாகப் போனது.

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை."

தங்கவேலுவின் இடது கை அவளுடைய சேலையைப் பிடித்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மழையில் மெஷின் சத்தம் மாதிரி இரைச்சல். இந்த மனுஷன் வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட இரைச்சலுக்குள் நின்று, ஒருபோதும் கத்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தவர். உதட்டைத் தெளிவாக அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக. அது அவளுக்கு ஏன் அப்போது ஞாபகம் வந்தது என்று தெரியாது. மூச்சை இறக்கிக்கொண்டாள். இல்லாத குரலைத் தேடுவதை விட்டாள். இருக்கிற குரலில், இழுக்காமல், உப்பு போதுமா என்று அவரிடம் கேட்கும்போது எப்படிக் கேட்டிருக்க வேண்டுமோ அப்படிச் சொன்னாள்.

"ஆம்புலன்சைக் கூப்பிடு."

பைக்குள்ளிருந்து, "நூற்றெட்டை அழைக்கிறேன்" என்றது போன். மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் உயிருள்ள ஒரு பெண்ணின் குரல்.

"சொல்லுங்கம்மா, என்ன எமர்ஜென்சி?"

"என் வீட்டுக்காரரு விழுந்துட்டாரு. வாய் கோணிருச்சு. கை வெளங்கல."

"அம்மா, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. சரியாக் கேக்கல."

"இதுக்கு மேல எனக்குச் சத்தம் கெடையாது தாயி. நீதான் காது குடுக்கணும்."

அந்தப் பெண் தன் குரலையும் தாழ்த்திக்கொண்டாள். "சரிங்கம்மா. நான் கேக்குறேன். மெதுவாச் சொல்லுங்க. எந்த ஊரு?"

தெய்வம்மா சொன்னாள். எஸ்டேட்டின் பெயர், சாலையில் வளைவு, வளைவில் நிற்கும் மாதா சுரூபம், ஜீப் பாதை. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அவரை ஒருக்களித்தபடியே வைத்திருக்கச் சொன்னாள். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம் என்றாள். பிறகு, "வண்டி கிளம்பிருச்சும்மா. மழையில பாதை வழுக்குமாம். வண்டி ரோட்டுலதான் நிக்கும். அவரை மேல கொண்டு வர ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"கூப்பிடுறேன்" என்றாள் தெய்வம்மா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது.

மறுபடியும் அவள் சுகுணாவைக் கேட்டபோது, அதே தாழ்ந்த குரலில், போன் ஒரே சொல்லில் எடுத்துக்கொண்டது. திருப்பூரில் தையல் மெஷின்களுக்கு நடுவிலிருந்து சுகுணா வெளியே ஓடி வந்தாள். அம்மா சொன்னதைக் கேட்டதும் அழவில்லை. "காளிமுத்து மாமா ஷெட்டுல இருப்பாரு. வையி, நான் சொல்லிடறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மழை கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. கூரைச் சத்தம் தணிந்தது. அப்போது எதிர்மலை உச்சியிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. கரகரவென்று, பழக்கமில்லாமல், ஆனால் கடைசி எழுத்தை இழுத்து.

"தங்கவேலு விழுந்துட்டாரூ... லயனுக்குப் போங்கோவ்..."

காளிமுத்து. அந்தச் சாய்ந்த காலை வைத்துக்கொண்டு அவனால் சரிவில் ஓட முடியாது. ஷெட்டின் வாசலுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறான். பிறகு ஒரு பெண் குரல் அதை வாங்கியது. சரிவின் நடுவிலிருந்து இன்னொரு குரல். இன்னும் கீழே, ஓடைப் பக்கமிருந்து மற்றொன்று. "லயனுக்குப் போங்கோவ்..." அவர்களில் பாதிப் பேர் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. அம்மாக்கள் கூப்பிட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அவ்வளவுதான். ஒருத்திக்குக் குரல் உடைந்தது, ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். ஆனாலும் அது வந்துகொண்டே இருந்தது, மலையை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, வீட்டு வாசல் வரை.

வாழ்நாள் முழுவதும் குரலை அனுப்பியவள் தெய்வம்மா. அது வந்து சேரும் இடத்தில் அவள் ஒருமுறைகூட நின்றதில்லை. எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தங்கவேலுவின் நெற்றியைத் தடவியபடி, "வாராங்க. எல்லாரும் வாராங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வந்தார்கள். சேற்றோடும் அட்டையோடும் வந்தார்கள். மேஸ்திரி சகாயம் இரண்டு மூங்கிலை வெட்டிக்கொண்டு வந்தார். கம்பளியை அதில் முடிந்து, தங்கவேலுவை அதில் கிடத்தி, ஆணும் பெண்ணுமாகத் தோள் மாற்றித் தோள் மாற்றி ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு போனார்கள். சாலையை எட்டியபோது ஆம்புலன்ஸ் விளக்கு மூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் மோசஸ் கூடலூர்க்காரர். கதவைத் திறந்து தெய்வம்மாவைக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டே, "பேடிக்கண்டா அம்மா, பயப்படாதீங்க. நேரத்தோட கூப்பிட்டீங்க" என்றார்.

ஊட்டி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் அந்த ஊசியே பயன்பட்டிருக்காது என்று நர்ஸ் சொன்னாள். சாயங்காலம் சுகுணா வந்து சேர்ந்தாள். அப்போது தங்கவேலு கண்ணைத் திறந்து இருவரையும் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். சுகுணா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்தபின் அவர் கால் ஓரளவு திரும்பியது. வலது கை பாதி திரும்பியது. பேச்சுதான் மெல்ல வந்தது. நாக்கு தடித்துப் போன மாதிரி வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். வேறு யாராவது வந்தால் வாயே திறக்க மாட்டார். தெய்வம்மாவிடம் மட்டும் பேசுவார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொள்வாள். அவள் பேச, அவர் பக்கத்தில் வந்து கேட்டுக்கொள்வார். இரண்டு பேரும் என்னதான் ரகசியம் பேசுகிறார்களோ என்று அடுத்த வீட்டில் சிரித்தார்கள்.

தெய்வம்மா மறுபடியும் கடைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாள். கடைக்காரருக்குப் புரியவில்லை என்றால் நின்று, இன்னொரு முறை, அவசரப்படாமல் சொல்வாள். பாண்தான் வேண்டுமென்றால் பாண்தான் வாங்கிக்கொண்டு வருவாள். காளிமுத்து ஒரு நாள் பாதையில் அவளை நிறுத்திவிட்டான்.

"அக்கா, அன்னைக்கு நான் கூப்பிட்டது சரியாக் கேட்டுதுங்களா?"

"கேட்டுது. கடைசியில இன்னுங் கொஞ்சம் இழுத்திருக்கணும்" என்றாள் அவள்.

அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணைத் துடைத்தபடி நடந்து போனான்.

தை மாதத்தில் உறைபனி விழும் காலைகளில், வெயில் ஏறியதும் தங்கவேலுவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பாள். புல்லின் மேல் வெள்ளையாகக் கிடக்கும் பனி வெயில் பட்ட இடத்தில் மட்டும் கரைந்து பச்சையாகும். எதிர்மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுப்பது சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். விழுந்த அன்று நடந்த எதுவும் அவருக்கு நினைவில்லை. டம்ளர் வரைக்கும்தான் தெரியும். அதனால் அடிக்கடி கேட்பார்.

"சொல்லு. எப்டிக் கூப்டாங்க?"

அவள் சொல்வாள். முதலில் காளிமுத்து, அப்புறம் சகாயத்தின் மருமகள், அப்புறம் ஓடைப் பக்கத்தில் நின்ற பெண். யார் எந்த இடத்தில் தடுமாறினாள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்து ஆட்கள் கூப்பிட்டது, முகாமில் தகரப் பெட்டி மேல் ஏறி நின்றது, மத்தியானத் தேத்தண்ணி என்று பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பி வரும். அவர் காதை அவள் வாய்க்கு அருகில் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எனக்காக மலையே கத்திருக்கு" என்றார் ஒரு நாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "எனக்குத்தான் கேக்கல."

"ஒங்களுக்குக் கேக்கவா கத்துனாங்க? ஓடி வாரவங்களுக்குக் கேட்டாப் பத்தாதா" என்றாள் தெய்வம்மா.

அவர் சிரித்தார். வாய் இன்னமும் ஒரு பக்கமாகத்தான் போனது. வீட்டுக்குள் போன் அடித்தது, சுகுணாவாக இருக்கும். நீயே பேசு என்று அவர் கையைக் காட்டினார். அவரே பேசட்டும் என்று அவள் விட்டுக் கொடுக்கவில்லை. போனை எடுத்து வந்து அவருடைய இடது கையில் வைத்துவிட்டு, வெயில் நகர்ந்த பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.